தெரியாதவர் கல்யாணத்துக்கு நண்பருக்குத் துணையாகப் போனால் எப்படி நடந்துகொள்வது?

பத்திரிகை நண்பர் பேருக்கு வந்திருக்கிறது, உங்களுக்கு மணமக்கள் யாரையும் தெரியாது என்கிறீர்கள். நீங்களும் வருவதை நண்பர் முன்கூட்டியே அந்த வீட்டில் சொல்லிவிடட்டும். மண்டபச் சமையலில் ஒரு இலை கூடுவது பெரிதில்லை. ஹோட்டலில் தலைக்கு இவ்வளவு என்று பேசிய வரவேற்பு என்றால் அது பில்லில் ஏறும்.

மொய்க்குத் தனிக் கவர் வேண்டாம். உங்கள் பங்கையும் நண்பரிடமே கொடுத்து, 501, 1001 என்று ஒரு ரூபாய் சேர்த்து அவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள். மொய் நோட்டைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்வார்கள். அதில் தெரியாத பெயர் இருந்தால் "இது யார் வீட்டு ஆள்?" என்று பிற்பாடு மண்டையைக் குடைவார்கள்.

கறுப்பு உடையைத் தவிருங்கள். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் இருந்தால் நல்லது. அட்சதையைக் கையில் வைத்திருந்து, கெட்டிமேளம் கொட்டியதும் தூவுங்கள். அந்த நேரத்தில் எழுந்து நின்று போனைத் தூக்கினால், பின்னால் இருக்கும் பாட்டிக்குத் தாலி கட்டுவது தெரியாது. வீடியோவிலும் உங்கள் கைதான் விழும். பிறகு மணமக்களோடு போட்டோ எடுக்க மேடை ஏறும்போது ஓரமாக நின்றால் போதும்.

பந்தியில்தான் பலர் சறுக்குவது. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிப்பது சகஜம்தான், ஆனாலும் அசிங்கம். அடுத்த பந்திக்குப் போங்கள். வேண்டாததை இலையில் விழும் முன்பே கைகாட்டித் தடுங்கள். முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது பல ஊர்களில் துக்க வீட்டு வழக்கம். தாம்பூலப் பை இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும்.