நெத்திலிக் குஞ்சும் நீர்ச்சுழலும்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): கடலில் ஒரு சுழல் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும்?

பதில்: காற்றும் அலையும் கடலுக்குத் தரும் ஆற்றல் பெரிய சுழல்களிலிருந்து சிறியவற்றுக்கு இறங்கிவந்து, இறுதியில் நீரின் பாகுத்தன்மையால் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. 1941-இல் ருசியக் கணிதவியலாளர் கோல்மோகரோவ் வகுத்த கோட்பாட்டின்படி, கடலில் அந்த எல்லை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அமைகிறது. அதனினும் மிகச் சிறிய ஒற்றைச்செல் பாசிக்குச் சுழல் என்பதே தெரியாது. தன்னைச் சுற்றியுள்ள நீர்ப்படலங்கள் வெவ்வேறு வேகத்தில் நழுவுவது மட்டுமே அதற்குப் புலப்படும்.

கேள்வி (பள்ளி மாணவர்): பாக்டீரியாவும் மீனைப் போலத்தான் நீந்துகிறதா?

பதில்: இல்லை. மீன் வால் வீசுவதை நிறுத்தினாலும் சற்றுத் தூரம் வழுக்கிச் செல்லும். பாக்டீரியா நின்றாலோ, ஓர் அணுவின் விட்டத்துக்கும் குறைவான தூரத்திலேயே அசைவற்றுவிடும் என்று இயற்பியலாளர் பர்செல் 1976-இல் ஆற்றிய உரையில் கணக்கிட்டுக் காட்டினார்.

கேள்வி (ஆசிரியர், மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவர்): ஐயா, கடல் கொந்தளிப்பது மீன்குஞ்சுகளுக்கு நன்மையா, தீமையா?

பதில்: என்னை நெடுங்காலமாக ஈர்த்துவரும் கேள்வி இது. 1974-இல் கடல் உயிரியலாளர் ரூபன் லாஸ்கர், ஆய்வகத்தில் பொரித்த நெத்திலிக் குஞ்சுகளைக் கப்பலில் கொண்டுசென்று, தெற்குக் கலிபோர்னியக் கடலின் வெவ்வேறு ஆழங்களில் எடுத்த நீரில் விட்டுப் பார்த்தார். பாசிகள் அடர்ந்திருந்த படலத்தின் நீரில் அவை நன்றாக உண்டன. பின்னர் வந்த புயல் அந்தப் படலத்தைக் கலைத்துவிட்டதால், முதல் உணவுக்குப் போதிய இரையே நீரில் எஞ்சவில்லை. ஆனால் 1988-இல் ராத்ஸ்சைல்டு, ஆஸ்பர்ன் என்ற ஆய்வாளர்கள், நுண்ணளவுக் கொந்தளிப்பு இரையையும் இரைதேடும் உயிரையும் அடிக்கடி எதிர்ப்படச் செய்கிறது என்று காட்டினர். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதே என் கருத்து. மிதமான கலக்கம் சந்திப்புகளைப் பெருக்குகிறது. அது மிகுந்தால், குஞ்சு குறிபார்த்துப் பாய்வதற்குள் இரை அடித்துச் செல்லப்படுகிறது, உணவுப் படலமும் சிதறுகிறது. ஆகவே காற்றின் வேகத்தை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. குஞ்சு இருக்கும் ஆழத்தில் நீர் எப்படி அசைகிறது என்பதை அளந்தாக வேண்டும்.

கேள்வி (அதே ஆசிரியர்): அதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: கப்பலின் அதிர்வு நுண்ணிய அசைவுகளை மூழ்கடித்துவிடும் என்பதால், உணர்முனை பொருத்திய கருவியைத் தளர்ந்த கம்பியில் தானாக விழும்படி நீரில் விடுகிறார்கள். ஆய்வகத் தொட்டியில் நுண்துகள்களைக் கலந்து, மெல்லிய தகடு போன்ற லேசர் ஒளியைப் பாய்ச்சி, அடுத்தடுத்த படங்களில் துகள்கள் நகர்ந்த தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி, துடுப்புக்காலிகள் எனும் நுண்ணிய ஓட்டுடலிகளின் இயல்பான நடத்தையை மாற்றிவிடக்கூடும். எனவே அவற்றைப் படமெடுக்க அகச்சிவப்பு லேசரையே பயன்படுத்துவது வழக்கம்.