முழுநேர வேலை, வீட்டில் சின்னப் பிள்ளைகள்: நம்பகமான ஆன்லைன் பட்டப்படிப்பை எப்படிப் பார்த்துச் சேர்வது?

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி படிப்புவாரியாகத்தான் கிடைக்கிறது. நீங்கள் சேரும் பருவத்துக்கு, அதாவது ஜனவரி அல்லது ஜூலைக்கு, அந்தப் படிப்பு அதே பெயரில், ஆன்லைனா தொலைநிலையா என்ற விவரத்தோடு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் (DEB) இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம். உளவியல் அப்படித்தான்: 2025 ஜூலை பருவம் முதல் அதில் ஆன்லைன், தொலைநிலைச் சேர்க்கையை யுஜிசி நிறுத்திவிட்டது. சட்டம், நர்சிங், பொறியியல் ஆகியவற்றுக்கு அனுமதியே கிடையாது. 'ஆன்லைன் பி.டெக்' என்று போன் வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடலாம்.

சேர்க்கைக்கு டெப் ஐடி, அதாவது டெப் தளத்தில் மாணவர் எடுக்கும் பதிவு எண், கட்டாயம். முதலில் டிஜிலாக்கர் மூலம் ஏபிசி ஐடி (படிப்பு கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்), அதை வைத்து டெப் ஐடி. இரண்டையும் நீங்களே எடுங்கள், ஓடிபியை ஏஜென்டிடம் சொல்லாதீர்கள். இது இல்லாமலே சீட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கவே கூடாது.

அரசு வேலை மனதில் இருந்தால் இன்னொன்று: தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாக வாங்கிய திறந்தநிலைப் பட்டம் டிஎன்பிஎஸ்சி-யில் உதவாது.

அடுத்தது நேரம். பெற்றோர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி நேரம்; 26 வாரத்தில் வாரத்துக்கு சுமார் 23 மணி. அதில் பாதிதான் ஆகும் என்று வைத்தாலும் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தேவை. அதனால் அதிகபட்ச காலம் எவ்வளவு என்று கேளுங்கள். இக்னோவில் இரண்டு வருட எம்.ஏ.வை நான்கு வருடம் வரை இழுக்கலாம். அங்கே பருவத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஒன்று பள்ளி திறக்கும் நேரம், மற்றொன்று பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு நேரம். லீவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டிலிருந்தே தேர்வு என்றால் வசதிதான், ஆனால் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். பிள்ளை அறைக்குள் ஓடிவந்தாலோ பின்னால் குரல் கேட்டாலோ எச்சரிக்கை பதிவாகலாம். தாழ்ப்பாள் போட முடிகிற அறையும் இன்வெர்டரும் வேண்டும். ஆபீஸ் லேப்டாப் பெரும்பாலும் ஒத்துவராது. தேர்வு மென்பொருளை நிறுவ ஐடி பிரிவு விடாது. சேருவதற்கு முன்பே மாதிரித் தேர்வு இணைப்பு கேட்டு ஓட்டிப் பாருங்கள்.

கட்டணம் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்திலேயே கட்டுங்கள். இடைத்தரகு தளங்களின் 'வட்டியில்லா இஎம்ஐ' பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். முதல் செமஸ்டரோடு படிப்பை விட்டாலும் தவணை நிற்காது, தவறினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். செமஸ்டர்வாரியாகக் கட்டும் வசதி இருந்தால் மொத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். கவுன்சிலர் போனில் சொன்னது பிறகு செல்லாது.