சொந்தப் படிப்புக்கும் புள்ளி உண்டா?

கேள்வி: கட்டுமான நிறுவனம் ஒன்றில் திட்ட மேலாளராகப் பணிபுரிகிறேன். 2 ஆண்டுகளுக்கு முன், திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வில் தேர்ச்சி பெற்றேன். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க 60 பி.டி.யூ. (தொழில்முறை வளர்ச்சி) புள்ளிகள் வேண்டும், இதுவரை ஒன்றுகூடப் பதிவு செய்யவில்லை. கட்டண வகுப்புகளுக்கு நிறுவனம் பணம் தருவதில்லை. நானாகப் புத்தகம் படிப்பதையும் இணையத்தில் உரைகள் கேட்பதையும் கணக்கில் காட்டலாமா? தணிக்கை வந்தால் சிக்கலாகுமா?
– வாசகி ஒருவர், ஓசூர்

பதில்: தாராளமாகக் காட்டலாம். சான்றிதழை வழங்கும் பி.எம்.ஐ. அமைப்பே, புத்தகம் படிப்பது, இணைய உரை கேட்பது, துறைசார்ந்த முறைசாரா உரையாடல்களில் பங்கேற்பது ஆகியவற்றைக் கல்விப் பிரிவின் கீழ் ஏற்றுக்கொள்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. கால் மணி நேரத்தைக்கூட 0.25 என்று பதியலாம். 60 புள்ளிகளில் குறைந்தது 35 கல்வி வழியாக வர வேண்டும் என்பதே விதி; அதற்கு உச்சவரம்பு இல்லாததால் 60-ஐயும் கற்றே ஈட்டிவிட முடியும். அன்றாட அலுவலகப் பணிக்குத் தனித் தலைப்பு உண்டு. அதில் 3 ஆண்டுச் சுற்று முழுவதற்கும் 8 புள்ளிகளுக்கு மேல் கிடைக்காது.

சொந்தமாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது புள்ளிகளின் பங்கீட்டில்தான். வேஸ் ஆஃப் ஒர்க்கிங் (திட்டப் பணி முறைகள்), பவர் ஸ்கில்ஸ் (மனிதர்களைக் கையாளும் திறன்கள்), பிசினஸ் அக்யூமன் (வணிக அறிவு) என்ற மூன்று பிரிவுகளிலும் தலா 8 புள்ளிகளாவது கல்வி வழியாகச் சேர வேண்டும். கால அட்டவணை, இடர் மேலாண்மை போன்ற பழகிய பாடங்களையே படித்துக்கொண்டிருந்தால் முதல் பிரிவு மட்டும் நிரம்பி வழியும். மற்ற இரண்டும் காலியாகக் கிடக்கும். ஆகவே குழுவை வழிநடத்துவது, கருத்து வேறுபாடுகளைத் தீர்ப்பது பற்றிய நூல் ஒன்றையும், நிறுவன உத்தி அல்லது உங்கள் துறையின் சந்தைப் போக்கு பற்றிய நூல் ஒன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். கட்டுமானத் துறையில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது வகைப் படிப்பு வேலையிலேயே நேரடியாகப் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

பி.எம்.ஐ.யின் தணிக்கை யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சான்றிதழ் பெற்றவர்களிலிருந்து தற்செயலாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். சொந்தப் படிப்புக்குப் பங்கேற்புச் சான்றிதழ் இருக்காது என்பதால், படித்த தேதியும் நீங்கள் எடுத்த குறிப்புகளுமே உங்கள் ஆதாரம். ஒரு நோட்டில் தேதி, மாலை 6 முதல் 7.15 வரை, நூலின் பெயரும் அத்தியாயமும், எந்தப் பிரிவு, 1.25 புள்ளி என்று எழுதி, அதன் கீழே ‘துணை ஒப்பந்ததாரர் தாமதத்தை இடர்ப் பதிவேட்டில் தனி வரியாகச் சேர்க்க வேண்டும், பொறுப்பாளர் பெயர் இல்லாத இடரை யாரும் கவனிப்பதில்லை’ என்பதைப் போல நீங்கள் உண்மையில் கற்றதை நான்கைந்து வரிகளில் எழுதிவிட்டால் போதும். இதை அன்றன்றே எழுதுவதுதான் முக்கியம். சுற்று முடியும் மாதத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பில் பாடம் இருக்காது, மணிக்கணக்கு மட்டுமே இருக்கும்.

கடந்த 2 ஆண்டுகளில் படித்தவையும் சுற்றுக்குள் அடங்குபவையே. அவற்றுக்குத் தேதியும் குறிப்பும் உங்களிடம் இருந்தால் பதியுங்கள், இல்லாதவற்றை விட்டுவிடுங்கள். 60 புள்ளிகள் பெரிய எண்ணாகத் தோன்றினாலும், வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் தவறாமல் படித்தால் எஞ்சியுள்ள ஓராண்டிலேயே அதைக் கடந்துவிடுவீர்கள். கெடு தவறினால் சான்றிதழ் ஓராண்டுக்கு இடைநிறுத்தப்படும். அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் பி.எம்.பி. என்று போட்டுக்கொள்ளக் கூடாது. அதற்குள்ளும் முடிக்காவிட்டால் தேர்வையே மீண்டும் எழுத வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் 60-க்கு மேல் ஈட்டும் புள்ளிகளில் 20 வரை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்லலாம் என்பதால், கணக்கு நிறைந்த பிறகும் பதிவதை நிறுத்திவிடாதீர்கள்.