சிறுநீர்ப்பைப் புற்றுநோய் புராஸ்டேட்டுக்குள் போனால் நிலை எப்படி மாறும்?

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் அதன் நடுவே இறங்குகிறது. அதனால் சிறுநீர்ப்பையில் தோன்றிய புற்று அங்கே போக இரண்டு வழிகள் உண்டு: குழாய் வழியாக இறங்குவது, சிறுநீர்ப்பைச் சுவரைத் துளைத்து நேராக நுழைவது. எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தே நிலை மாறும்.

வீட்டுக் கறையானை நினைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் மேல்பூச்சில் மட்டும் ஊர்வது ஒன்று. சுவரையே துளைத்துப் பக்கத்து அறைக்குள் இறங்குவது வேறு. குழாயின் உள்தோலோடு நின்றுவிட்ட புற்றை டி4 (கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் காட்டும் குறியீடுகளில் கடைசிப் படி) என்று சொல்வதில்லை. சில நேரம் பிசிஜி மருந்தை (காசநோய்த் தடுப்பூசியாகவும் போடப்படுவது) சிறுநீர்ப்பைக்குள் செலுத்தியே அதற்குச் சிகிச்சை தருவார்கள். சிறுநீர்ப்பைச் சுவரை முழுதாகத் துளைத்துக்கொண்டு சுரப்பியின் சதைக்குள் நுழைந்தால்தான் அது டி4ஏ. அவ்வளவு ஆழம் போன புற்று நிணநீர்க் கணுக்களை எட்டியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஆயுள் எதிர்பார்ப்பு குறைவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். குழாய் வழியாகச் சதைக்குள் போனதைத் தனியாக வகைப்படுத்துகிறார்கள்; பொதுவாக அதன் போக்கு இதைவிடச் சற்று மேல். (அறிக்கையில் வழி எழுதியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.)

டி4ஏ என்றதும் பலர் நான்காம் நிலை என்று பதறுகிறார்கள். உடலின் தொலைவான பகுதிகளுக்குப் பரவாதவரை அது மூன்றாம் நிலைதான், புராஸ்டேட் புற்றுநோயும் அல்ல.