சிங்கப்பூர்த் தமிழர்கள் கோ. சாரங்கபாணியை ஏன் இன்றும் நினைவுகூர்கிறார்கள்?

பலரும் அவரைத் 'தமிழ் முரசு' நிறுவனராகத்தான் அறிவார்கள். 1935இல் தொடங்கிய அந்த நாளிதழ் இன்றும் வருகிறது, அது பெரிய விஷயம்தான். ஆனால் என் பார்வையில் அவருடைய முக்கியமான பணி சங்கப் பணி.

திருவாரூரில் 1903இல் பிறந்தவர், 1924இல் சிங்கப்பூர் வந்தார். அங்கே தமிழர்கள் சாதி, மதம், சொந்த ஊர் என்று பிரிந்து கிடந்தார்கள். தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வழியாகச் சாதி வேற்றுமைக்கு எதிராக விடாமல் பேசினார், எழுதினார். வெறும் பேச்சோடு நிற்கவில்லை. அவரே சீனப் பெண்ணை மணந்துகொண்டார். அப்புறம் 1952இல் தமிழர் திருநாள். பொங்கலை ஒட்டி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் தமிழராக ஒரே மேடையில் கூட வேண்டும் என்பதே அதன் நோக்கம். புலம்பெயர்ந்த சமூகத்தில் இப்படி ஒரு பொது நாளை உருவாக்குவது எவ்வளவு கடினம் என்பது சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

நான் மிகவும் மதிப்பது வேறொன்றை. அந்தக் காலத்தில் பலர் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தார்கள். 1950களில் அவர் அவர்களிடம், இங்கேயே குடியுரிமை எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். குடியுரிமை இருந்தால்தானே வாக்கும் உரிமையும்! மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று போராடி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் மக்களிடம் நிதியும் திரட்டினார்.

'தமிழ் முரசு' மாணவர்களுக்காக நடத்திய மாணவர் மணி மன்றம் மூலம் அவர் எழுதத் தூண்டிய பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் அங்கே எழுத்தாளர்களானார்கள். 1974இல் மறைந்த அவரை மக்கள் 'தமிழவேள்' என்றே அழைக்கிறார்கள்.