மருத்துவமனைகளில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வருடாவருடம் கூடுகிறது என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அந்தச் சதவீதத்தை நம்பலாமா?

மருத்துவமனை மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். எண்ணுவது எங்களைப் போன்றவர்கள்தான். நம்பலாமா என்றால், எப்படி எண்ணினார்கள் என்று விசாரித்துவிட்டு நம்புங்கள்.

நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ வளர்ந்த கிருமியை முல்லர் ஹின்டன் அகார் என்ற ஜெல்லித் தட்டில் பஞ்சுக்குச்சியால் சீராகத் தடவுவோம். மேலே மருந்து ஊறிய காகித டிஸ்குகளை வைத்து, 35 டிகிரியில் இரவு முழுக்க விட்டுவிடுவோம். மருந்து வேலை செய்தால் காலையில் டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டம் இருக்கும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு எஸ், ஐ, ஆர் என்று எழுதுவோம். எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ இரண்டுக்கும் இடைப்பட்டது. அகார் 4 மில்லிமீட்டரை விடத் தடிமனாகிவிட்டாலே வட்டம் சுருங்கிவிடும். அதனால் குணம் தெரிந்த ஒரு இ.கோலை பாக்டீரியாவை அவ்வப்போது இதே மாதிரி போட்டுப் பார்த்து, எங்கள் தட்டையே சோதித்துக்கொள்வோம்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், அந்த அட்டவணையே மாறும் என்பது. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கு, மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் டிஸ்க்கைச் சுற்றி 18 மி.மீ. வட்டம் வருகிறது என்று வையுங்கள். 2009-ல் அது எஸ், ஏனென்றால் அப்போது 16 வந்தாலே போதும். 2010-ல் இந்த அட்டவணையை வெளியிடும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு எல்லையை மாற்றியது: 23-ம் அதற்கு மேலும் எஸ், 19-ம் அதற்குக் கீழும் ஆர். அதே 18 இப்போது ஆர். கிருமி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் கோடு எகிறும். எல்லா லேபும் ஒரே வருடத்தில் புதிய அட்டவணைக்கு மாறிவிடவில்லை என்பது இன்னொரு தலைவலி. கொலிஸ்டின் என்ற மருந்தின் கதை இதைவிட மோசம். 2020-ல் சி.எல்.எஸ்.ஐ. அதற்கு எஸ் என்ற பிரிவையே எடுத்துவிட்டது.

ரிஜிஸ்டரில் 18 என்ற எண் இருந்தால் பழைய வருடங்களையும் புதிய எல்லையில் மறுபடி கணக்குப் போடலாம். வெறும் எஸ் என்று இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மில்லிமீட்டரை எழுதச் சொன்னால் ‘எதுக்கு, டாக்டர் அதைப் பார்க்கவா போறார்?’ என்பார்கள். இவர் பார்க்க மாட்டார், பத்து வருடம் கழித்து ஒப்பிடப்போகிறவர் பார்ப்பார்.

அப்புறம், யாரை எண்ணுவது? ஐ.சி.யூ.வில் மூன்று வாரம் படுத்திருப்பவரிடமிருந்து ரத்தம், சிறுநீர், சளி என்று மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் அதே கிளெப்சியெல்லா. ஒவ்வொன்றையும் எண்ணினால் ஒரே மனிதர் அந்த வருடச் சதவீதத்தையே தூக்கிவிடுவார். அதனால் ஒரு நோயாளிக்கு ஒரு வகைக் கிருமி என்றால் அந்தக் காலகட்டத்தில் முதலில் கிடைத்ததை மட்டும் சேர்ப்பது விதி. அப்படிச் சேர்த்தும் 30 கூடத் தேறவில்லை என்றால் சதவீதம் போடாமல் இருப்பதே நல்லது. முதல் மாத்திரையிலேயே குணமானவருக்குக் கல்ச்சரே (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எங்களிடம் வருவதில் பெரும்பகுதி முரண்டு பிடித்த கேஸ்கள்தான்.

சரி, சதவீதம் ஒழுங்காக வந்துவிட்டது. பரவுவது ஒரே கிருமியா, வெவ்வேறா என்பது இன்னும் தெரியாது. எஸ், ஆர் வரிசை ஒன்றாக இருந்தால் உறவு என்று அர்த்தமில்லை. 2011-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக்கு, மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லாவோடு ஒரு நோயாளி வந்தார். தனிமைப்படுத்திச் சிகிச்சை தந்து, ஜூலையில் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொருவருக்கு அதே வகைக் கிருமி. புதிதாக வெளியிலிருந்து வந்ததா? முழு மரபணு வரிசையைப் படித்தபோது முதல் நோயாளியிடமிருந்து கிளம்பியதுதான் என்று தெரிந்தது. நோய் அறிகுறியே இல்லாமல் குடலில் சுமந்தவர்கள் இடையில் இருந்தார்கள். சிங்க் வடிகாலிலும், கழுவிச் சுத்தம் செய்த வென்டிலேட்டரிலும்கூட அது கிடைத்தது. முதல் நோயாளியோடு சேர்த்து மொத்தம் 18 பேரிடம் அது இருந்தது. 11 பேர் இறந்தார்கள், அதில் 6 பேர் இந்தத் தொற்றால்.

அப்படிக் கிருமியைத் துரத்திப் பிடித்தாலும் முழுக்கதை கிடைத்துவிடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-ல் வந்த ஆய்வு, மெரோபெனம் போன்ற மருந்துகளை முறியடிக்கும் என்.டி.எம்.-1 மரபணுவைச் சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் எடுத்த கிருமிகளில் காட்டியது. அது பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால் கிளெப்சியெல்லாவிலிருந்து இ.கோலைக்குத் தாவிவிடும். கிருமியின் பெயரை மட்டும் பின்தொடர்ந்தால் மரபணு கைநழுவிப் போகும்.

செலவுக்குப் பயந்து இதையெல்லாம் தள்ளிப்போட வேண்டியதில்லை. டிஸ்க் அளவுகளைப் பதிந்து கணக்குப் போட ஹூநெட் மென்பொருள் இலவசம். மரபணு வரிசை படிக்க இப்போது பணம் இல்லை என்றாலும், முக்கியமான கிருமிகளைக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் போட்டு வைக்கலாம். பணம் வந்த வருடத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். குப்பியில் தேதியும் வார்டு பெயரும் அழியாத மையில் இருக்கட்டும்.