சாம்பியன் ஏன் ஆட்டத்தை விட்டார்?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலேய நடனக் கலைஞர் விக்டர் சில்வெஸ்டர் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். 1922-இல் லண்டனில் நடந்த உலக பால்ரூம் நடனப் போட்டியில், அதாவது ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் நடனத்தில், ஃபிலிஸ் கிளார்க்குடன் ஆடி வென்றபோது அவருக்கு 22 வயது. பிறகு பயிற்சிக்கூடம், ஆசிரியர் சங்கம், இசைக்குழு, வானொலி என்று போய்விட்டார். என் மகள் பதினான்கு வருடம் பரதம் ஆடியவள். இப்போது நடன விழாக்களை நடத்திக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். யாரோ ஆடுகிறார்கள், இவள் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மனசு ஆறவில்லை. ஆட வந்தவர் ஏற்பாடு பார்க்கப் போவது இறக்கம்தானே?

ம., கோவை

அன்புள்ள ம.,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சில்வெஸ்டர் விஷயத்தில் அதை இறக்கம் என்று என்னால் சொல்ல முடியாது. காரணம், பால்ரூம் போட்டி நடக்கும் விதம்.

பரதத்தில் எந்தப் பதத்தை எடுப்பது, எந்தக் காலப்பிரமாணத்தில் ஆடுவது என்பதையெல்லாம் உங்கள் மகள் குருவோடு உட்கார்ந்து முடிவு செய்திருப்பாள். நட்டுவாங்கம் செய்பவரின் கண் அவள் காலிலேயே இருந்திருக்கும். பால்ரூம் போட்டியில் அந்த வசதி கிடையாது. இறுதிச் சுற்றில் வழக்கமாக ஆறு ஜோடிகள். ஆறும் ஒரே தரையில், ஒரே நேரத்தில், இடிபடாமல் இடஞ்சுழியாகச் சுற்றி வர வேண்டும். ஆணின் முதுகில் ஓர் எண். அடுத்து என்ன பாட்டு என்பது அது ஒலித்த பிறகுதான் தெரியும். தரை, இசை, வேகம், நடுவர் எல்லாம் நடத்துபவர் பொறுப்பு.

பால்ரூம் நடனங்களில் ஒன்றான வால்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு மூன்று தட்டு. இன்றைய போட்டிகளில் நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தனம் என்று வரையறை இருக்கிறது. அதற்கு மேல் விரட்டினால் ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் எழுந்து தாழும் அந்த அசைவுக்கு நேரமே இருக்காது. கால் போய்விடும், உடம்பு பின்னால் நிற்கும்.

சில்வெஸ்டரை உறுத்தியது இதுதான். அன்றைய இசைத்தட்டுகளில் பாடகருக்காகத் தாளம் இழுபடும், வாத்தியக்காரரின் உற்சாகத்தில் ஓடும். கேட்க நன்றாக இருக்கும், ஆட முடியாது. 1935-இல் அவரே ஒரு குழுவைச் சேர்த்தார். பாடகர் கிடையாது. இரண்டு பியானோக்கள், ஒன்று மெட்டைச் சுற்றிக் கோலம் போடும், மற்றது தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு வயலின். போன மாதம் அவருடைய வால்ட்ஸ் ஒன்றை ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மேசையில் விரலால் தட்டி எண்ணினேன். முதல் நிமிடத்தில் வந்த அதே எண்ணிக்கைதான் இரண்டாம் நிமிடத்திலும் வந்தது. இசை ரசிகர்கள் சிலர் இதை உயிரில்லாத வாசிப்பு என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். கையில் துணையோடு தரையில் நிற்பவருக்கு அந்த மாறாத தாளம்தான் உயிர். ஆடிய ஒருவருக்குத்தான் இது தோன்றியிருக்க முடியும். அந்த இசைத்தட்டுகள் 7.5 கோடி விற்றன என்பது கணக்கு.

அதற்கும் முன்பே, 1924-இல், இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கத்தில் பால்ரூம் பிரிவு தொடங்கியபோது ஜோசஃபின் பிராட்லி போன்ற நடனக்காரர்களோடு அவரும் அந்தக் குழுவில் இருந்தார். அதுவரை ஆசிரியருக்கு ஒரு வால்ட்ஸ். எது எந்த அடி, அதற்கு என்ன பெயர், அடுத்த அடி எங்கே என்று உட்கார்ந்து வரையறுத்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களை ஒரே தரையில் நிறுத்தி ஒப்பிட வேண்டுமென்றால் இந்த வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

தீர்ப்புச் சொல்லும் முறையையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது அது. உதாரணமாக, ஏழு நடுவர்கள் ஆறு ஜோடிகளையும் ஒன்று முதல் ஆறு வரை வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு ஜோடியை நான்கு பேர் முதலிடத்திலும் மூன்று பேர் கடைசி இடத்திலும் வைக்கிறார்கள். இன்னொரு ஜோடிக்கு மூன்று முதலிடம், நான்கு இரண்டாமிடம். கூட்டிப் பார்த்தால் இரண்டாவது ஜோடி எங்கோ முன்னால் நிற்கும். ஆனால் வெல்வது முதல் ஜோடிதான். பெரும்பான்மை அவர்கள் பக்கம். ஒரு நடுவரின் வெறுப்போ ஓரவஞ்சனையோ மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்காக இப்படி. 'ஸ்கேட்டிங்' முறை என்று பெயர். வருடக்கணக்கில் உழைத்து வந்து இரண்டு நிமிடம் ஆடிவிட்டுப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எதுவும் இல்லை.

1941-இல், போர்க்காலத்தில், பிபிசி வானொலியில் அவர் நடனம் சொல்லிக்கொடுத்தார். கேட்பவர்கள் எழுதிக்கொள்ளும் வேகத்தில், ஒவ்வோர் அடியாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வார். வீட்டுக் கூடத்தில் காகிதமும் பென்சிலுமாக ஒருவர் உட்கார்ந்து, எழுதி முடித்து, நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். சில்வெஸ்டர் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

உங்கள் மகள் அடுத்து நடத்தும் விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். ஆட்கள் வருவதற்கு முன் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஒரு தட்டடவு போட்டுப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.